எட்டு வீடும் ஒரு பட்டைப் புல்லும்

குளிர்க் கிடங்கின் அறிவிப்புப் பலகையில் அத்தானின் படத்தை ஒட்டி, கீழே மூன்று வரி எழுதியிருந்தார்கள். இருபத்திரண்டு வருடம் உழைத்தவர், எல்லோரிடமும் கலகலப்பாகப் பழகியவர், வேலையை உயிராக நேசித்தவர். மூன்றும் பொய். அவர் அங்கே வேலை பார்த்தது இருபது வருடம். நடுவில் புல் வெட்டப் போன இரண்டு வருடத்தையும் சேர்த்துவிட்டார்கள். கலகலப்பு என்ற சாமானை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வேலையை நேசித்தார் என்று எழுதிய புண்ணியவான் ஒரே ஒரு நாள் அந்த உறைகுளிருக்குள் நின்று மீன் பெட்டி அடுக்கியிருந்தால், அந்த வரியை எழுத அவனுக்குக் கை வந்திருக்காது.

இதில் கொடுமை, அந்தத் தாளை அச்சடித்ததே நான்தான். நான் ஒரு நகல் கடையில் வேலை பார்க்கிறேன். கிடங்குக்கு வேண்டியதெல்லாம் எங்கள் கடையில்தான் அடிப்பார்கள். "உங்க அத்தான் படம்தானே, நீயே பார்த்து நல்லாப் போட்டுக் குடு" என்றார் முதலாளி. பார்த்து நல்லாகத்தான் போட்டுக் கொடுத்தேன். புல்லைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அந்த மனிதர் பிறந்ததிலிருந்து ஆசைப்பட்டுச் செய்த வேலை அது ஒன்றுதான். அது அவர் கையை விட்டுப் போனதில் எனக்குப் பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பிள்ளைகள் இல்லை. அக்கா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலையில் இருக்கிறாள். பத்தொன்பது வருடம் குளிர்க் கிடங்கில் பெட்டி அடுக்கியதில் அத்தானுக்கு இருமல் பிடித்தது. முதலில் சாதாரண இருமல்தான். பிறகு மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார். டாக்டர் அவருடைய முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "அந்தக் குளிருக்குள்ள இனிமே போகாதீங்க. போனா நான் பொறுப்பில்ல" என்றார். நானும் கூட இருந்தேன். அத்தான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே தலையாட்டினார். அவருடைய முகத்தில் சந்தோஷத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட பையன் மாதிரி இருந்தார்.

வீட்டைக் காலி செய்துகொண்டு போன யாரிடமோ ஒரு பழைய புல் வெட்டும் மெஷினை வாங்கினார். பின்கதவு சரியாக மூடாத ஒரு குட்டி வேனும் வந்து சேர்ந்தது. அக்கா வேனையும் பார்த்தாள், மெஷினையும் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். நான்தான் அவரைத் தூண்டிவிட்டேன் என்று நினைத்திருப்பாள். அந்தத் தடவை நான் தூண்டிவிடவில்லை.

"ரெண்டு சீசன் பாருங்க," என்றாள் அத்தானிடம். "நான் குறுக்க நிக்க மாட்டேன். அதுக்குள்ள இது நிலைக்கலைன்னா ஏதாவது சம்பள வேலைக்குப் போயிடணும்."

"நிலைக்கறதுன்னா எப்படி?"

"அதை நீங்களே சொல்லுங்க."

அத்தான் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "ஒரே தெருவுல எட்டு வீடு" என்றார்.

ஏன் எட்டு, ஏன் ஒரே தெரு என்பது முதல் மாதமே எனக்குப் புரிந்துவிட்டது. அங்கே ஒரு வீடு, இங்கே ஒரு வீடு என்று பிடித்தால், வெட்டுகிற நேரத்தைவிட மெஷினை ஏற்றி இறக்குகிற நேரம் அதிகம். ஒரே தெருவில் எட்டு வீடு இருந்தால் காலையில் ஒரு தடவை இறக்கி, வேலை முடிந்த பிறகு ஒரு தடவை ஏற்றினால் போதும். அப்படி ஒரு தெரு கிடைத்தவன் பிழைத்துக்கொள்வான். கிடைக்காதவனின் முதுகு இரண்டு வருடத்தில் போய்விடும். ஐம்பத்து மூன்று வயதில், பெட்டி அடுக்குவதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாத மனிதருக்கு எந்தச் சம்பள வேலை காத்திருக்கிறது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். மறுபடி அதே குளிர்தான்.

வீடு பிடிப்பதற்கு அவர் வைத்திருந்த முறைகளைப் பார்த்து நான் முதலில் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் தெருப் பார்க்கப் போவார். சொந்தமாக வெட்டுகிறவர்கள் ஞாயிறு காலையிலேயே வெட்டி முடித்திருப்பார்கள். மதியம் வரை மெஷின் சத்தம் கேட்காத வீடுதான் நமக்கான வீடு என்பார். வேலி ஓரமாக நின்று, காலைப் புல்லுக்குள் லேசாக வைத்துப் பார்ப்பார். கணுக்கால் எலும்பு மறைந்தால் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். மறையாவிட்டால் நடையைக் கட்டுவார். இதை ஒரு நாள் எங்கள் முதலாளி பார்த்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் கடையில் அவருடைய பெயர் "கணுக்கால்." "என்னப்பா, கணுக்கால் வந்தாரா, நோட்டீஸ் வாங்கிட்டுப் போனாரா?" என்று கேட்பார். அத்தானுக்கு அந்தப் பெயர் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

தெரு முழுக்கப் புல் வளர்ந்து கிடந்தால் அங்கே நேரத்தை வீணாக்க மாட்டார். அங்கே யாருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை என்று அர்த்தம். இரண்டு பக்கமும் சீராக வெட்டிய வீடுகள் இருந்து, நடுவில் ஒரு வீடு மட்டும் புதராக நின்றால், அதுதான் வீடு. "பாதி வேலைய அக்கம்பக்கமே செஞ்சு வச்சிருக்கும் மாப்ளே. நாம போய் மணி அடிச்சா போதும்." வாடகை வீட்டுக்குப் போக மாட்டார். குடியிருப்பவர் அது வீட்டுக்காரர் வேலை என்பார், வீட்டுக்காரர் குடியிருப்பவர் வேலை என்பார். மணி அடித்துவிட்டு இரண்டு அடி பின்னால் வந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பார். உங்கள் புல் வளர்ந்துவிட்டது என்று மட்டும் செத்தாலும் சொல்ல மாட்டார். "பக்கத்து வீட்டுல வேலை பார்க்கறேன். இங்கயும் ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்பார், அவ்வளவுதான். ஆள் இல்லாத வீட்டில் நோட்டீஸைத் தபால் பெட்டிக்குள் போட மாட்டார். பச்சைக் கயிற்றால் வெளிக்கதவில் கட்டிவிட்டு வருவார். கட்டியதை அவிழ்க்கிற நேரத்துக்காவது படிப்பார்கள் என்று அவருடைய கணக்கு.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு விதி வைத்திருந்தார். ஒரு வீட்டைப் பற்றி இன்னொரு வீட்டில் விசாரிக்கக் கூடாது. அது வம்பு, நமக்கு வேண்டாம் என்பார். "புல்லு வளர்ந்த வீட்டுல உள்ள ஏதோ நடந்திருக்கும் மாப்ளே. ஒண்ணு உடம்பு சரியில்ல, இல்ல சண்டை, இல்ல ஆள் இல்ல. அது அவங்க சொன்னா கேட்டுக்கணும். நாமளாப் போய் மூக்கை நுழைக்கக் கூடாது." நல்ல விதிதான். அந்த நல்ல விதிதான் கடைசியில் அவரைக் கவிழ்த்தது.

முதல் சீசன் முடிந்து, குளிரில் புல் வளர்வது நின்றபோது ஊரின் நாலு மூலையிலும் ஆறு வீடு இருந்தது, ஒரே தெருவில் இரண்டுகூட இல்லை. இரண்டாவது சீசனில் தண்ணீர்த் தொட்டி இருக்கிற தெருவில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வீடு கிடைத்தது. அங்கே வெட்டும்போது அத்தான் எல்லையோடு நிற்காமல், பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு சாண் சேர்த்து வெட்டினார். அந்த வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். அடுத்த வாரம் அவரும் வாடிக்கை ஆனார். இப்படியே ஒன்று ஒன்றாக நகர்ந்து, சீசன் முடிய ஒன்றரை மாதம் இருக்கும்போது தொட்டித் தெருவில் ஏழு வீடு ஆகிவிட்டது. அந்த நாட்களில் அத்தான் சாப்பிடும்போது கொஞ்சம் பேசக்கூட ஆரம்பித்தார். இருமல் நின்றிருந்தது. தன் வீட்டு முன்னால் இருக்கும், நாலு பாய் விரிக்கிற அளவுப் புல்லை வாரம் இரண்டு தடவை வெட்டினார். அக்கா, "அதுக்கு முடி வெட்டறதை விட்டுட்டு உங்க முடிய வெட்டிக்கங்க" என்பாள். அவளும் அப்போது சிரித்தாள். ஒரு வீடுதான் பாக்கி.

எட்டாவது வீட்டை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். தெருவின் நடுவில், இரண்டு சீரான வீடுகளுக்கு இடையில் இருந்தது. என்னையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பாதிப் புல் வெட்டப்பட்டுக் கணுக்கால் உயரத்துக்கு மறுபடி வளர்ந்திருந்தது, மீதி முழங்காலைத் தொட்டது. நடுவில் படி வைத்தது போல ஒரு கோடு. அந்தக் கோடு வீடு வரை போகவில்லை. கடைசி வரிசை பாதி தூரத்தில் நின்றுபோயிருந்தது.

"இதுல இருந்து என்ன தெரியுது மாப்ளே?"

"சோம்பேறி வீடுன்னு தெரியுது."

"இல்ல. சாப்பிடப் போறவன் வரிசைய முடிச்சுட்டுத்தான் போவான். மழை வந்தாக்கூட வரிசைய முடிச்சுட்டு ஓடுவான். நடு வரிசையில நிக்குதுன்னா மெஷின் நின்னிருக்கு. இது மெஷின் செத்துப்போன வீடு. இவங்களுக்கு ஆள் வேணும்."

நான் அசந்துபோனேன். இரண்டு வருடத்தில் மனிதர் புல்லைப் பார்த்து ஜாதகம் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாரே என்று பெருமையாகக்கூட இருந்தது. மணி அடித்தோம். யாரும் வரவில்லை. நோட்டீஸ் கட்டினோம். அடுத்த வாரம் போனால் நோட்டீஸை அவிழ்த்து எடுத்திருந்தார்கள், கூப்பிடவில்லை. மறுபடி மணி, மறுபடி நோட்டீஸ். மூன்றாவது தடவை ஜன்னல் திரை அசைந்தது. கதவு திறக்கவில்லை. பக்கத்து வீடு எங்கள் வாடிக்கை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்தது. நான் கேட்கப் போனேன். அத்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வேண்டாம், அது தப்பு" என்றார்.

காற்றில் குளிர் தட்ட ஆரம்பித்தது. இன்னும் இரண்டு வாரத்தில் புல் வளர்வது நின்றுவிடும். அக்கா எதுவும் கேட்கவில்லை. ஆனால் நாள்காட்டியைப் பார்க்கும்போது அவள் முகம் போகிற போக்கை நாங்கள் இருவரும் பார்த்தோம். அப்போதுதான் என் வாய் சும்மா இருக்காமல் ஒன்றைச் சொன்னது.

"அத்தான், ஒரு பட்டை வெட்டி விட்டுடுங்க."

"புரியல."

"மெஷின் அகலத்துக்கு ஒரே ஒரு பட்டை. வெளிக்கதவுல இருந்து வீடு வரைக்கும். வெட்டிட்டு நோட்டீஸைக் கட்டிட்டு வந்துடுவோம். காலைல எழுந்து பார்த்தா அந்தப் பட்டை மட்டும் பளிச்சுன்னு இருக்கும், மீதி கண்ணை உறுத்தும். எத்தனை நாள் சும்மா இருப்பாங்க? கூப்பிட்டுத்தானே ஆகணும்."

"கேக்காம ஒருத்தர் வீட்டு வாசல்ல கை வைக்கலாமா?"

"கெடுதலா செய்யறோம்? இலவசமாத்தானே வெட்டறோம்."

அவர் மாட்டேன் என்றுவிட்டார். நான் விடவில்லை. என்னுடைய யோசனை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. கடைக்குப் போய் முதலாளி இல்லாத நேரம் பார்த்து இருநூறு நோட்டீஸ் அடித்தேன். "உங்கள் வாசலில் ஒரு பட்டை வெட்டியிருக்கிறோம். மீதியும் இப்படி இருந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்." இரண்டே வரி. என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நல்ல வரிகள் அவைதான் என்று அன்றைக்கு நினைத்தேன். மேலே இருந்த ஒரு தாளை எடுத்துக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். நாள்காட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தாளையும் நாள்காட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, ஒரே ஒரு வீடு. இந்த ஒரு தடவைதான்" என்றார்.

சனிக்கிழமை காலை போனோம். வெயில் இருந்தது, சூடு இல்லை. நான் நோட்டீஸும் பச்சைக் கயிறுமாக வெளிக்கதவருகில் நின்றேன். அத்தான் மெஷினை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். எங்கே வெட்டுவது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. நறுவிசான வேலைக்காரன் பாதியில் நிற்கிற வரிசையைப் பார்த்தால் அதைத்தான் முதலில் முடிப்பான். வெளிக்கதவிலிருந்து தொடங்கி, ஏற்கெனவே வெட்டி வளர்ந்திருந்த பாதியின் மேலேயே ஓட்டி, நின்றுபோன இடத்தையும் தாண்டி, உயரமான புல்லுக்குள் நேராகப் போய் வீட்டுச் சுவர் வரைக்கும் ஒரே பட்டையாக வெட்டினார். நூல் பிடித்தது போல இருந்தது.

அவர் மெஷினைத் திருப்புகிற நேரத்தில் கதவு திறந்தது. அறுபது வயது இருக்கும், வீட்டுச் செருப்போடு ஒரு அம்மா படியில் வந்து நின்றார். எங்களைப் பார்க்கவில்லை, புல்லைத்தான் பார்த்தார்.

"யாரு வெட்டச் சொன்னா?"

அத்தான் மெஷினை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "யாரும் சொல்லலம்மா. சும்மா ஒரு பட்டை, மாதிரிக்கு. காசெல்லாம் வேண்டாம். உங்க மெஷின் பாதில நின்னு போச்சுன்னு நெனச்சேன்."

"மெஷின் நிக்கல," என்றார் அந்த அம்மா. "அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அவர்தான் விழுந்துட்டார். நான் வந்து பார்க்கறேன், அவர் கீழ கிடக்கிறார், மெஷின் ஓடிக்கிட்டே இருக்கு. எனக்கு அதை எப்படி நிறுத்தறதுன்னுகூடத் தெரியல."

அத்தான் மெஷினின் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"மீதிய வெட்டறேன்னு பையன் வந்தான். விடல. தெருவுல எல்லாரும் வந்து கேட்டாங்க. விடல. அவர் விட்ட இடம் அப்படியே தெரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தினமும் காலைல அதைத்தான் வந்து பார்ப்பேன். அந்த வரிசைய நீங்க ஏன் முடிச்சீங்க?"

திட்டியிருந்தால் தேவலை. அந்த அம்மா திட்டவில்லை. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு என் கையில் இருந்த நோட்டீஸைப் பார்த்தார். கையை நீட்டினார், கொடுத்தேன். இரண்டு வரிதானே, படித்து முடித்துவிட்டார்.

"இது யாரோட யோசனை?"

நான் கையில் இருந்த பச்சைக் கயிற்றைப் பார்த்தேன். வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை.

"என்னோடதுதாம்மா," என்றார் அத்தான். "மன்னிச்சிடுங்க."

அவர் மண்டியிட்டு உட்கார்ந்து அந்தப் பட்டையில் கையை வைத்துத் தடவினார். பழைய வரிசை எங்கே நின்றது என்று தேடினார். வாசலிலிருந்து சுவர் வரை எல்லாம் ஒரே உயரம். அவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தார். அந்த அம்மா கொஞ்ச நேரம் அவர் தேடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் பாலம் தாண்டியதும் அத்தான் வேனை ஓரமாக நிறுத்தினார். பிறகு, "மாப்ளே, அக்காகிட்ட இதைச் சொல்லாத. தெரு அமையலன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் தொட்டித் தெருவுக்குப் போகவே இல்லை. யாரும் அவரை விரட்டவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். பஸ் டிரைவர் இரண்டு தடவை போன் செய்து, ஏன் வரவில்லை என்று கேட்டார். "வேற ஆளைப் பார்த்துக்கங்க சார்" என்று அத்தான் வைத்துவிட்டார். நான் கத்தினேன். ஏழு வீடு கையில் இருக்கிறது, ஒன்று போனால் போகட்டும், கிடைத்த தெருவை எவனாவது விடுவானா என்று வீட்டு வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் மெஷினின் பிளேடைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தெருவுல மெஷின் சத்தம் கேக்கறப்பல்லாம் அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்?" என்றார்.

"மத்தவங்க மட்டும் வெட்டாமயா இருப்பாங்க?"

"அது அவங்க பாடு. நான் போக மாட்டேன்."

இரண்டு வாரத்தில் குளிர் வந்தது. எட்டு வீடு சேரவில்லை. ஏன் என்று அக்கா கேட்டாள். "எனக்கு ஆளுங்ககிட்டப் பேசி வேலை பிடிக்கத் தெரியல" என்றார். அவள் அதை நம்பினாள். நம்பக்கூடிய பொய்யாகத்தான் இருந்தது. குளிர்க் கிடங்கில் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பழைய கோட்டு, பழைய கையுறை, பழைய அலமாரிச் சாவிகூட அதேதான் என்று வந்து சொன்னார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அக்காவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் தொட்டித் தெருவுக்கு நேராகப் போய் அந்த அம்மாவிடம் பேசியிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள். அவருக்காக இன்னொரு சீசனும் பொறுத்திருப்பாள். நான் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டாம் என்றார், நான் அதை வசதியாகப் பிடித்துக்கொண்டேன்.

இருமல் ஒரு மாதத்தில் திரும்பியது. ஒன்றரை வருடம் தாக்குப் பிடித்தார். கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளில் என்னிடம் ஒரு தடவைதான் நீளமாகப் பேசினார். தன் வீட்டு வாசல் புல்லை வெட்டும்போது மெஷினில் உயரம் மாற்றும் கைப்பிடியை மூன்றாவது பல்லில் வைக்க வேண்டும், இரண்டாவதில் வைத்தால் வேர் காய்ந்துவிடும் என்றார். அதே டாக்டர்தான் வந்து பார்த்தார். தான் முன்பு சொன்னதை அவர் திரும்பச் சொல்லிக் காட்டவில்லை. நல்ல மனிதர்.

அத்தான் போன பிறகு மூன்றாவது பல்லும் இல்லை, இரண்டாவது பல்லும் இல்லை. யாருக்கும் புல் ஞாபகமே வரவில்லை. அப்போது நல்ல சீசன். வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் அதை மிதித்துக்கொண்டுதான் போனார்கள். எல்லோரும் போய் ஓய்ந்த பிறகு அது மளமளவென்று வளர்ந்தது. ஐந்தாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்கா போன் செய்தாள். "உடனே வா" என்றாள். குரல் சரியில்லை.

போனேன். அக்கா வாசல் படியில் நின்றிருந்தாள். வெளிக்கதவிலிருந்து படி வரை, நட்ட நடுவில், மெஷின் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டியிருந்தது. அவள் கையில் ஒரு நோட்டீஸ். யாரோ மூன்று மெஷினும் இரண்டு வேனும் வைத்திருக்கிற புது ஆள், பெயரும் போன் நம்பரும் பெரிதாக இருந்தன. மேலே இரண்டு வரி. "உங்கள் வாசலில் ஒரு பட்டை வெட்டியிருக்கிறோம். மீதியும் இப்படி இருந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்."

எப்படி நடந்தது என்பது எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. அன்றைக்கு அடித்த இருநூறில் அத்தானிடம் கொண்டுபோனது ஒன்றுதான். மீதி நூற்றுத் தொண்ணூற்றொன்பதையும், நல்ல தாள், பின்பக்கம் உதவும் என்று கடை அலமாரியில் போட்டு வைத்தேன். நான் அத்தானோடு ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் அந்த ஆள் கடைக்கு வந்திருக்கிறான், அலமாரியில் பார்த்திருக்கிறான், இதே மாதிரி போட்டுக் கொடுங்கள் என்றிருக்கிறான். முதலாளி போட்டுக் கொடுத்துவிட்டார். அவருக்கு என்ன தெரியும்?

"உங்க கடையில அடிச்சதா?" என்றாள் அக்கா.

"ஆமா."

"அவர் போயி இன்னும் நாப்பது நாள்கூட ஆகல. வீட்டுல என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? எழுந்து கதவைத் திறக்கறேன், யாரோ அவர் புல்லுல கை வச்சிருக்காங்க. எவனுக்குடா வந்துச்சு இப்படி ஒரு யோசனை? யாரோட யோசனை இது?"

இந்தத் தடவை எனக்காகப் பதில் சொல்ல யாரும் இல்லை.

"என்னோடது," என்றேன்.

படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டித் தெரு, நடு வரிசையில் நின்ற கோடு, அந்த அம்மா, அத்தான் மண்டியிட்டுத் தேடியது, என் மேல் வர வேண்டிய பழியைத் தான் வாங்கிக்கொண்டது, எல்லாம். நான் முடித்த பிறகும் அக்கா அந்த நோட்டீஸைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு வந்து சாப்பாடு வேண்டாம்னாரு," என்றாள். "பூட்ஸைத் துடைச்சுக்கிட்டே இருந்தாரு. பேசத் தெரியாத மனுஷன், அதான் தெரு கிடைக்கலன்னு நானும் நெனச்சுட்டேன். ஒண்ணரை வருஷம் அப்படியே நெனச்சுக்கிட்டு இருந்தேன்டா."

நான் பின்பக்கம் போய் அவருடைய மெஷினை எடுத்து வந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. மீதியையும் வெட்டிவிட்டால் அந்தப் பட்டை தெரியாமல் போய்விடும் என்று தோன்றியது. மூன்றாவது பல்லில் வைத்தேன். கயிற்றை இழுக்கப் போகும்போது அக்கா, "தொடாத" என்றாள்.

"அசிங்கமா இருக்கேக்கா."

"இருக்கட்டும். யாரும் தொட வேண்டாம். நீ மட்டும் தொடவே தொடாத."

அக்கா என்னோடு பேசுகிறாள். வாசலில் நின்று பேசுகிறாள், உள்ளே வா என்று சொல்வதில்லை. நான் தினமும் காலையில் கடைக்குப் போகும் முன் அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறேன், வேறு எவனாவது மெஷினோடு வந்து கை வைத்திருக்கிறானா என்று பார்க்க. வெளிக்கதவைப் பச்சைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன். வேலி ஓரமாக நின்று காலை உள்ளே வைத்துப் பார்க்கிறேன். பட்டையில் வளர்ந்த புல் நேற்று என் கணுக்கால் எலும்பை மறைத்துவிட்டது.